காலிக் கட்டம்

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எனக்குச் சம்பளமே குற்றம் பார்ப்பதற்குத்தான். அதனாலோ என்னவோ சுற்றமும் அதிகம் இல்லை. அப்பா, அக்கா, அவ்வளவுதான். ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தேள்' என்று சொல்வது எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. கொடுக்கு இருக்கிற இடம் தெரிந்தும் கையை வைத்தால் அது யார் தப்பு?

எங்கள் கம்பெனி செய்வது ஒரு குறிமொழி. பயப்பட வேண்டாம், சங்கதி சின்னது. சாதாரணமாகத் தட்டச்சு செய்யும் எழுத்துகளுக்கு நடுவே சில குறிகளைப் போட்டால், அச்சில் அது ஒழுங்கான ஆவணமாக வர வேண்டும். சொல்லின் இருபுறமும் நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. வரிக்கு முன்னால் சமக்குறி போட்டால் தலைப்பு. நெட்டுக்கோடுகளால் பிரித்து எழுதினால் அட்டவணை. இதைப் படைத்தவனுக்கு நான் வைத்த பெயர் பிரம்மா. இந்த மாதிரி மொழிகள்தான் ஏற்கெனவே கூடை கூடையாக இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்டால், "மத்ததெல்லாம் கஷ்டம், இது ஈஸி" என்பான். அந்த ஈஸியை விளக்க நூற்றெண்பது பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதியிருக்கிறான். அதை அவனே முழுதாகப் படித்திருப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

என் வேலை அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது. நட்சத்திரத்தை மூட மறந்தால் என்ன ஆகும்? தலைப்புக்குள் அட்டவணை வைத்தால்? அடிக்குறிப்புக்கே ஓர் அடிக்குறிப்பு போட்டால்? இப்படி மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். பாதிக்கு மேல் நான் எழுதியவை. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்றில் தட்டச்சு செய்தது இருக்கும், மற்றதில் அச்சில் வர வேண்டியது இருக்கும். மென்பொருள் செய்து காட்டுவதும் இரண்டாவது கோப்பும் ஒன்றாக இருந்தால் திரையில் பச்சை. ஓர் இடைவெளி மாறினாலும் சிவப்பு.

அந்த இரண்டாவது கோப்பை யார் எழுதுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். யாரும் எழுதுவதில்லை. மென்பொருளையே ஓட்டி, அது துப்புவதை எடுத்து, 'இதுவே சரி' என்ற பொத்தானை அழுத்திச் சேமித்துவிடுவோம். வேலிக்கு ஓணான் சாட்சி. அழுத்துவதற்கு முன் ஒரு மனுஷி கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த மனுஷி நான். பிரம்மா கிறுக்குவான், மேலாளர் தலையாட்டுவார், இந்தக் கூட்டத்தில் கண் திறந்திருப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு ஆறு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மேலாளருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். அதையும் நான்தான் வைத்தேன். காலையில் வந்ததும் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "எல்லாம் பச்சையா?" உள்ளே என்ன வெந்தது, என்ன தீய்ந்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். ஊரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி எங்கள் குறிமொழியை வாங்கப் போகிறது, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்துத் தாள் இனிமேல் இதில்தான் அச்சாகும் என்று சேதி வந்த அன்று, கல்யாணமே நிச்சயமானது போல ஆபீஸ் முழுக்கச் சுற்றி வந்தார். "நம்ம அட்டவணையப் பாத்துத்தான் வாங்கினாங்க" என்றார். பிரம்மா அந்த வாரமே அட்டவணையை அழகுபடுத்த உட்கார்ந்துவிட்டான். தேவையில்லாத இடைவெளிகளையெல்லாம் துடைக்கிறானாம். மறுநாள் திரையில் நாற்பத்து மூன்று சிவப்பு. சாயங்காலத்துக்குள் அதையெல்லாம் பச்சையாக்கிக் கொடுத்தோம். வெளியீட்டுக் குறிப்பில் 'அட்டவணையின் தோற்றம் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி போட்டார் பச்சைக்கொடி.

இரண்டு வாரம் கழித்து அப்பா படியில் விழுந்தார்.

அப்பா மின்வாரியத்தில் மீட்டர் படித்தவர். முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதினார். அம்மா போன பிறகு இரண்டாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் கோபம் வரும். "என் வீட்ல நான் இருக்கேன்" என்பார். ரத்த அழுத்தம் ஏறி அதே பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். மாத்திரைகளும் தாளும் கொடுத்து அனுப்பினார்கள். நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பேப்பர் வாங்கக் கீழே இறங்கியவர் ஏழு படி உருண்டு வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ராத்திரி போட வேண்டிய தூக்க மாத்திரையைக் காலையில் போட்டிருக்கிறார் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் நானும் அக்காவும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்றோம்.

"ஏம்ப்பா, தூங்கற மாத்திரையக் காலையில போட்டா விழாம என்ன ஆகும்?" என்றாள் அக்கா. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பான விடை என்றால் குரலிலேயே சிவப்பு மை இருக்கும்.

"தூங்கற மாத்திரைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? பேர் மட்டும்தான் போட்டிருந்துச்சு. காலைலதான் ஒண்ணுன்னு இருந்துச்சு."

"டாக்டர் ராத்திரிக்குத்தான் எழுதினேங்கறாரு."

"வீட்ல பேப்பர் இருக்கு. போய்ப் பாரும்மா."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணாடி போட்டுட்டுப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன் பாப்பா."

"எந்தக் கண்ணாடி, டிவி பாக்கறதா, பேப்பர் படிக்கறதா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"முப்பத்தி நாலு வருஷம் மீட்டர் படிச்சவன். ஒரு நம்பர் மாத்தி எழுதினேன்னு ஒரு வீட்லயும் சொன்னதில்ல" என்றார் அப்பா.

"அப்ப கண்ணு நல்லா இருந்துச்சுப்பா. இப்ப அந்தக் கண்ணு இல்ல. ஒத்துக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அக்கா அவரை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். எந்த மாத்திரை எப்போது என்றே தெரியாதவரை இனி எப்படித் தனியாக விடுவது என்றாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வீட்டைக் காலி செய்து வியாழக்கிழமை காலை சாவியைக் கொடுத்துவிடுவதாக வீட்டு ஓனரிடம் அக்கா பேசி முடித்தாள். அப்பா முதல் ஒரு வாரம் போராடினார். போராட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காபி கொடுத்தால், "அந்தப் பேப்பர எடுத்துட்டு வாங்க, படிச்சுக் காட்டறேன்" என்பார். சாப்பாடு போட்டால், "பேப்பர் ஃப்ரிட்ஜ்லதான் ஒட்டியிருக்கு" என்பார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நான் படித்தது சரி என்று சொல்லுங்கள், என் வீட்டை எனக்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் அத்தனைக்கும் அர்த்தம். எனக்கும் அக்காவுக்கும் அதைப் போய் எடுத்து வர நேரமில்லை. நேரமில்லை என்பது பொய். எடுத்து வந்து என்ன ஆகப் போகிறது, கிழவர் பிடிவாதம் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டார் என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுச் சாமான் கட்டப் போனேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்துக்குக் கீழே அந்தத் தாள் இருந்தது. கிழித்துக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் எங்கள் கம்பெனியின் குறி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேலே பார்த்தேன்.

மருந்தின் பெயர், அதை அடுத்துக் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். தூக்க மாத்திரைக்கு நேரே, காலைக் கட்டத்தில் 1. மற்ற இரண்டும் காலி. ரத்த அழுத்த மாத்திரைக்குக் காலையில் 1, மதியம் 1. இரவுக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. ராத்திரிக்கு ஒரு மாத்திரைகூட இல்லாத மருந்துத் தாள். கீழே நர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரும் பார்த்துத்தான் போட்டிருப்பார், நாங்கள் பார்க்கிற மாதிரி.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் அங்கே ஒரு காலிக் கட்டம் வர வேண்டும். பிரம்மா இடைவெளியைத் துடைக்கிறேன் என்று கட்டத்தையே துடைத்திருக்கிறான். அதனால் வலப்பக்கம் இருந்த எண் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. ராத்திரி மாத்திரை காலைக்கு வந்துவிட்டது.

தாளின் ஓரத்தில் பென்சிலால் அப்பா குறித்திருந்தார். தேதி, மணி, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டிக். மீட்டர் அட்டையில் எழுதுவது போலச் சின்னதாக, நேராக. நாலு நாள். தாளில் இருந்தது ஒன்று, அவர் போட்டது இன்னொன்று என்று எங்கேயும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். மாட்டினான் பிரம்மா! அப்பாவைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அங்கிருந்தே பச்சைக்கொடிக்குப் போன் போட்டேன். மனுஷர் வெளிறிப்போனது போனிலேயே தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, அந்த நாட்களில் போன தாள்களையெல்லாம் திரும்ப வாங்கி, புதிதாக அச்சடித்துக் கொடுக்கும்படி ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பில் மட்டும் 'சிறு அழகுத் திருத்தம்' என்று போட்டிருந்தார். யாராவது இதற்காகவே அவருக்குத் தனியாகப் பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு அன்றே போயிருக்கலாம். இருபது நிமிஷ நடை. ஆனால் வெறும் கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. 'இன்னார்தான் பண்ணினான்' என்று பெயரோடு போய் நிற்க வேண்டும், முடிந்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை நேராகப் பிரம்மாவின் மேஜைக்குப் போனேன். தாளை அவன் விசைப்பலகை மேல் வைத்தேன்.

"படி. எங்கப்பா கை உடைஞ்சதுக்கு நீ எழுதின கவிதை."

அவன் படித்தான். முகம் சுருங்கியது. "ஐயோ" என்றான். பிறகு மெதுவாக, "ஆனா இதுக்கு ஒரு டெஸ்ட் இருந்துச்சே. நடுக்கட்டம் காலியா இருந்தா என்ன ஆகும்னு. நீதானே எழுதினே?"

"எழுதினேன். நீ அத என்ன பண்ணே?"

"நான் டெஸ்ட்ட தொட மாட்டேன். உனக்குத் தெரியாதா?"

பதிவேட்டைத் திறந்தான். யார் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாற்பத்து மூன்று சோதனைகளும் அந்தச் சாயங்காலம் நாலு பதினேழுக்கு 'இதுவே சரி' ஆகியிருந்தன. ஒரே அழுத்தில். பெயர் என்னுடையது.

"சிவப்பெல்லாம் பாத்தியான்னு நான் கேட்டேன்" என்றான். குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை. "நாலு பாத்தாச்சு, எல்லாம் உன் மண்டை மாதிரி வெறும் இடைவெளிதான்னு சொன்னே. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

நினைவு வந்தது. முதல் நாலைப் பார்த்தேன். நாலிலும் இடைவெளி மட்டும்தான் மாறியிருந்தது. மீதி முப்பத்தொன்பதும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரியும். என்னுடைய சோதனை பன்னிரண்டாவதாக இருந்தது. நான் பயந்த அதே தப்பை அது பிடித்து, சிவப்பாக நின்று கத்தியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது நான். அவசரம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நாலரைக்கு ஜன்னலோரம் நின்று டீ குடித்தேன். பிரம்மாவின் வேலையில் பார்க்க என்ன இருக்கிறது என்ற இளக்காரம்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியும். கூடமும் கோணல் இல்லை. திமிர்.

பச்சைக்கொடி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஆஸ்பத்திரியில யாரும் நம்மள ஒண்ணும் கேக்கல. உங்கப்பாவும் இப்ப நல்லா இருக்காரு இல்ல? ஆபீஸ் விஷயத்த வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்றார். அந்த ஆளை நான் மனிதராகவே மதித்ததில்லை. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

புதன்கிழமை முழுக்க நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்பா பழகிவிட்டார், அக்கா வீட்டில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, இனிமேல் மாடிப்படி ஆபத்துதானே என்றெல்லாம் வரிசையாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எல்லாம் நல்ல காரணங்கள். அவற்றை வேறு யாராவது சொல்லியிருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "எட்டரைக்கு ஓனர் இங்க வரார். சாவியக் குடுத்துடலாம். நீ வரியா?"

"வரேன். நான் வர வரைக்கும் குடுக்காத" என்றேன்.

நான் போனபோது அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சின்ன மேஜையில் சாவி, மாத்திரை டப்பா, தண்ணீர் டம்ளர். அக்கா பள்ளிக்கூடம் கிளம்ப முடி பின்னிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளை நீட்டினேன்.

"அக்கா, இதப் படி. அப்பா தப்பாப் படிக்கல. பேப்பர்லயே தப்பா இருந்துச்சு. காலைலன்னுதான் போட்டிருக்கு."

அவள் வாங்கிப் படித்தாள். அவள் விடைத்தாளில் ஒரே வரியில் தப்பைப் பிடிப்பவள். "இரவுல ஒண்ணுமே இல்லயே" என்றாள். பின்னிய முடி கையிலிருந்து நழுவியது. "யாரு பண்ணது இத?"

"எங்க ஆபீஸ். எங்க ஆபீஸ்னா நான். செக் பண்ண வேண்டியது நான். பாக்காம சரின்னு அழுத்திட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை பேப்பரப் பாத்தேன். நான்தான்னு தெரிஞ்சது செவ்வாக்கிழமை."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான். நான் அப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நீங்க சரியாத்தான் படிச்சீங்க. ஒரு நம்பர்கூட மாத்திப் படிக்கல. நான்தான் தப்பு. நீங்க உங்க வீட்டுக்கே போலாம். ஓனர்கிட்ட நான் பேசறேன்."

தாளை அவர் இடது கையில் வைத்தேன். கண்ணாடி போட்டிருந்தார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். ஓரத்தில் இருந்த பென்சில் டிக்குகள் மேல் கட்டை விரல் நின்றது. பிறகு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படிங்கப்பா. காலைக் கட்டத்துல என்ன இருக்கு, சொல்லுங்க."

"வேண்டாம் பாப்பா. எனக்கு ஒண்ணுன்னுதான் தெரியுது. அன்னைக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது." அவர் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, டாக்டரும் சொல்றாரு, நான் ஒருத்தன் மட்டும் சரின்னு எத்தனை நாள் சொல்லிட்டிருக்க முடியும்? யோசிச்சுப் பாத்தேன். என் கண்ணுதான் போயிடுச்சு."

"இல்லப்பா. கண்ணு நல்லா இருக்கு. தப்பு நான் பண்ணது. ஆபீஸ்ல என் பேரோட பதிவாகியிருக்கு. வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"உன் வேலையில நீ தப்பு பண்ணுவியா?" என்றார். "அப்பா மனசு நோகக் கூடாதுன்னு உன் மேல இழுத்துப் போட்டுக்கற. இப்படி ஒரு குணம் உனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே பாப்பா."

அவரிடம் நான் ஒரு நாளும் இதமாகப் பேசியதில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவர் என்னிடம் கேட்டதெல்லாம் உண்மை என்ற பெயரில் நான் போட்ட கொட்டுதான். கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை நம்பிவிட்டார். இதை நம்பவில்லை. நான் அழுதேன். அதுவும் நல்ல குணத்துக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கீழே ஓனர் ஹாரன் அடித்தார். "இன்னொரு மாசம் டைம் கேக்கலாம்ப்பா" என்றாள் அக்கா. அப்பா தலையை ஆட்டினார். சாவியை இடது கையால் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"குடுத்துடும்மா. மனுஷன் வெயில்ல நிக்கறாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்புறம் அவள் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்பா மாத்திரை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இப்ப எது போடணும்னு நீயே பாத்து எடுத்துக் குடு."

டாக்டரைக் கேட்டு அக்கா தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை மூன்று தடவை படித்தேன். மாத்திரை அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒன்றைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அது என்ன மாத்திரை என்று அவர் பார்க்கவே இல்லை. அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.